யாரை முதலில் பார்ப்பது? ட்ரையாஜ் என்ற வார்த்தையின் கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு சண்டையில ஆரம்பிக்குது. சண்டை போட்டது நான். தப்பும் என் மேலதான்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடது கையை ஊன்றிவிட்டார். கொஞ்ச நேரத்திலேயே மணிக்கட்டு வீங்கிப்போச்சு. ஆட்டோ பிடித்து ஒரு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம். வாசல் பக்கத்தில் ஒரு மேசை, அங்கே ஒரு நர்ஸ். எப்படி விழுந்தீங்க, தலையில அடிபட்டுச்சா என்று அம்மாவிடம் கேட்டார். விரல்களை அசைக்கச் சொன்னார். ஒரு நகத்தை அழுத்திப் பார்த்தார். "வளையலை இப்பவே கழட்டிடலாம்மா, இன்னும் வீங்கிடுச்சுன்னா கழட்ட முடியாது" என்று சொல்லி, சோப்புத் தண்ணி கொண்டுவந்து தானே கழற்றினார். கையைத் துணியால் தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டு, "உக்காருங்க, கூப்பிடறோம்" என்றார்.

உட்கார்ந்தோம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அம்மா வலியில் அழுறாங்க. அப்போ ஒருத்தர், ஐம்பது வயசு இருக்கும், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி தானே நடந்து உள்ளே வந்தார். அழவில்லை, கத்தவில்லை. "நெஞ்செரிச்சல் மாதிரி இருக்கு சிஸ்டர், ஒரு மாத்திரை குடுத்தா போயிடுவேன்" என்றார். நர்ஸ் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "எப்போ ஆரம்பிச்சது? தாடை, கை எங்கயாவது இழுக்குதா?" ரெண்டே கேள்வி. அடுத்த நிமிஷம் அவர் வீல்சேரில் உள்ளே போயிட்டார்.

நான் எழுந்து போய்க் கத்தினேன். "நாங்க வந்து அரை மணி நேரம் ஆச்சு சிஸ்டர். சாப்பிட்டது செரிக்கலேன்னு வர்றவரை முதல்ல அனுப்புவீங்க, கை உடைஞ்சவங்க உக்காந்திருக்கணுமா?" சுற்றி இருந்த ரெண்டு மூணு பேரும் எனக்கு ஆதரவாகச் சேர்ந்துகொண்டார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, அம்மாவுக்கு வலிக்குதுன்னு தெரியுது. ஆனா அவங்களால காத்திருக்க முடியும். அவரால முடியாது."

கொஞ்ச நேரம் கழித்து அந்த மனிதருடைய மகன் ஓடிவந்தான். காரிடாரில் நின்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக்காம், அடைப்பை எடுக்க உள்ளே கொண்டுபோயிட்டாங்களாம். நான் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அதுக்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு எனக்கு ஆபீஸில் ஒரு மீட்டிங். காலண்டரில் அதன் பெயர் 'பக் ட்ரையாஜ்'.

நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்களுக்கு இது தினசரிச் சோறு. வந்து குவிந்திருக்கிற பக்குகளை வரிசையாகப் பார்த்து, இது பி-ஜீரோ, இது பி-ஒன், இது அடுத்த ரிலீஸ்ல பார்த்துக்கலாம்னு முத்திரை குத்துற மீட்டிங். அஞ்சு வருஷமா அதுல உக்காந்திருக்கேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததுன்னு அன்னைக்குத்தான் தேடிப் பார்த்தேன். அந்தத் தேடல்தான் இந்த எபிசோடு.

காபிக்கொட்டையும் காயம்பட்டவரும்

'ட்ரியே' என்பது பிரெஞ்சு வினைச்சொல். பிரித்தெடுப்பது, தரம் பார்த்து ஒதுக்குவது என்று பொருள். கம்பளியைத் தரம் பிரிப்பதற்கும், காபிக்கொட்டையில் உடைந்ததைத் தனியாக ஒதுக்குவதற்கும் 'ட்ரியாஜ்' என்ற சொல் புழங்கியது. நம்ம வீட்டில் பாட்டி முறத்தில் அரிசியைப் பரப்பி, கல்லைப் பொறுக்கி ஓரமாக வைப்பாங்களே, அந்த வேலை. மனிதர்களுக்கு அந்தச் சொல் வந்தது வெகு காலம் கழித்து. ஆனால் அந்தச் செயல் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

ஒரு புரோகிராமராக எனக்கு இதில் முதலில் தோன்றிய கேள்வி: ஒரு லிஸ்டை ஸார்ட் பண்ணணும்னா ஒரு கீ வேணும். எதை வைத்து வரிசைப்படுத்துகிறோம்? காபிக்கொட்டைக்கு அது சுலபம். காயம்பட்ட மனிதர்களை எதை வைத்து வரிசைப்படுத்துவது? கடந்த இருநூறு வருஷத்தில் இந்தக் கேள்விக்கான பதில் பல தடவை மாறியிருக்கு. ஒவ்வொரு தடவை மாறும்போதும் வேறு யாரோ பிழைத்திருக்கிறார்கள், வேறு யாரோ செத்திருக்கிறார்கள்.

லாரேயின் வண்டி

1792. பிரெஞ்சுப் புரட்சிப் படை ரைன் நதிப் பக்கம் போரிட்டுக்கொண்டிருக்கிறது. அதில் தொமினிக் ழான் லாரே என்று 26 வயசு அறுவை மருத்துவர் ஒருத்தர். அன்றைய வழக்கம் என்னவென்றால், மருத்துவ வண்டிகள் போர்க்களத்திலிருந்து பல கிலோமீட்டர் பின்னால் நிற்கும். சண்டை ஓய்ந்த பிறகுதான் காயம்பட்டவர்களைப் பொறுக்கி எடுப்பார்கள். அதற்கு ஒரு நாளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதற்குள் பலர் ரத்தம் போயே இறந்துவிடுவார்கள்.

லாரே பார்த்தார். குதிரைகள் இழுக்கும் இலகுவான பீரங்கி வண்டிகள் களம் முழுக்க எவ்வளவு வேகமாகப் பாய்கின்றன! அதே மாதிரி மருத்துவ வண்டி ஏன் போகக்கூடாது? இப்படித்தான் அவருடைய 'பறக்கும் ஆம்புலன்ஸ்' பிறந்தது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே போய் ஆட்களைத் தூக்கிவரும் வண்டி.

ஆனால் வண்டி வேகமாக வந்தால் புதுசா ஒரு பிரச்சனை வருது. இதுவரை ஒவ்வொருத்தராக வந்தவர்கள் இப்போது மொத்தமாக வந்து குவிவார்கள். யாரை முதலில் பார்ப்பது? பழைய படைகளில் இதற்கு எழுதாத விதி ஒன்று உண்டு. அதிகாரி முதலில், சிப்பாய் பிறகு. ஸார்ட் கீ, பதவி.

லாரே அதை மாற்றினார். காயம் எவ்வளவு ஆபத்தானது என்பதுதான் வரிசை. தோளில் எத்தனை பட்டை இருக்கிறது என்பது கணக்கில் வராது. லேசாக அடிபட்டவர் காத்திருக்கட்டும், அவர் ஜெனரலாக இருந்தாலும் சரி. 1812-ஆம் ஆண்டு ரஷ்யப் படையெடுப்பைப் பற்றிப் பிறகு எழுதிய நினைவுக் குறிப்புகளில் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார். அந்தப் படையெடுப்பில், பொரதினோ போரில் ஒரே நாளில் சுமார் 200 உறுப்பு நீக்க அறுவைகளை அவர் செய்ததாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட நாளில் வரிசை என்பது காகிதத்தில் இருக்கிற விஷயம் இல்லை. தப்பான ஆளை முதலில் தொட்டால், சரியான ஆள் அடுத்த பத்து நிமிஷத்தில் போயிடுவார்.

செவஸ்தபோல்: சகோதரிகள் வருகிறார்கள்

இதுவரை சொன்னதெல்லாம் டாக்டர்களின் கதை. நர்ஸ்கள் எங்கே வருகிறார்கள்? கிரீமியப் போரில்.

1854. இந்தப் போர் என்றாலே நமக்கு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் ஞாபகம் வரும். அதே ஆண்டு நவம்பரில், எதிர்ப்பக்கம் முற்றுகையில் இருந்த செவஸ்தபோல் நகரத்துக்கு நிக்கொலாய் பிரகோவ் என்ற ரஷ்ய அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் வந்து தரையெல்லாம் கிடக்கிறார்கள். மருத்துவர்கள் யார் சத்தமாகக் கத்துகிறாரோ அவரிடம் ஓடுகிறார்கள். ஒருவரைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொருவரிடம் போகிறார்கள். கடைசியில் யாருக்கும் முழுசா எதுவும் நடக்கவில்லை.

பிரகோவ் கத்தியை எடுப்பதற்கு முன்னால் பிரிக்கச் சொன்னார். உடனே அறுவை செய்தால் பிழைப்பவர்கள் ஒரு பக்கம். நாளை வரை தாங்குபவர்கள் ஒரு பக்கம். கட்டுப்போட்டு அனுப்பிவிடக் கூடியவர்கள் ஒரு பக்கம். என்ன செய்தாலும் பிழைக்க மாட்டார்கள் என்று தெரிபவர்கள் தனியாக. போர்க்களத்தில் மருத்துவத்தைவிட நிர்வாகம்தான் அதிக உயிர்களைக் காப்பாற்றுகிறது என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன கருத்து.

இந்த ஏற்பாட்டை நடத்திக் காட்டியதில் பெரும்பங்கு, இளவரசி எலேனா பாவ்லவ்னா உருவாக்கிய கருணைச் சகோதரிகள் குழுவுக்கு உண்டு. பிரகோவ் அவர்களையும் வேலை வாரியாகப் பிரித்தார். கட்டுப்போடும் சகோதரிகள், மருந்துப் பொறுப்புச் சகோதரிகள், பொருள் கணக்கு பார்க்கும் சகோதரிகள். கடைசியில் சொன்னவர்களால் சேமிப்புக் கிடங்கில் நடந்த திருட்டு குறைந்தது. அந்தக் கோபத்தில் சில அதிகாரிகளுக்கு அவர்களைக் கண்டாலே ஆகவில்லை.

பிழைக்க மாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களிடம் யார் இருந்தது? சகோதரிகளும் பாதிரியாரும். தண்ணீர் கொடுக்க, வலியைக் குறைக்க, கடைசியாகச் சொல்வதைக் கேட்க. வரிசையில் கடைசியில் போனவரை மனிதராகப் பார்க்கும் வேலையும் ட்ரையாஜில் சேர்த்தி. அந்த வேலை ஆரம்பத்திலிருந்தே நர்ஸிங்கிடம்தான் இருக்கிறது.

கவனிச்சீங்களா, ஸார்ட் கீ மாறிடுச்சு. லாரேக்கு ஆபத்துதான் கணக்கு. பிரகோவிடம், நம்ம கை பட்டால் இவருக்கு என்ன பலன் என்பதும் கணக்கில் வருது.

நைட்டிங்கேல் 1859-ல் நர்ஸிங் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதில் நோயாளியை உற்றுக் கவனிப்பது பற்றியே ஒரு அத்தியாயம் இருக்கு. ராத்திரி நல்லா தூங்கினாரா என்று கேட்காதே என்கிறார். நல்லா என்றால் ஆளுக்கு ஒரு அர்த்தம். எத்தனை மணி நேரம், எந்தெந்த நேரத்தில் தூங்கினார் என்று கேள் என்கிறார். பக் ரிப்போர்ட்டில் 'ஆப் வேலை செய்யலை' என்று மட்டும் எழுதி அனுப்புகிற அத்தனை பேருக்கும் இந்த அத்தியாயத்தை ஃபார்வர்ட் பண்ணணும்.

கீ தவறாகப் போனால்

முதல் உலகப்போரில் பிரெஞ்சு ராணுவ மருத்துவ முகாம்களில் 'ட்ரியாஜ்' என்ற சொல் மனிதர்களுக்கு நிலைத்துவிட்டது. அதோடு ஒரு சங்கடமான கேள்வியும் வந்தது. இந்த வரிசை யாருடைய நன்மைக்காக? நோயாளிக்கா, படைக்கா?

ஹென்றி பீச்சர் என்று ஒரு அமெரிக்க மயக்க மருந்து நிபுணர். இரண்டாம் உலகப்போரில் களத்தில் வேலை பார்த்தவர், பிறகு மருத்துவ அறம் பற்றி நிறைய எழுதியவர். 1943-ல் வட ஆப்பிரிக்காவில் பென்சிலின் வந்து சேர்ந்தபோது நடந்ததாக அவர் ஒன்றை எழுதியிருக்கிறார். மருந்து கொஞ்சம்தான். ஒரு பக்கம் போரில் காயம்பட்டுச் சீழ் பிடித்துக் கிடப்பவர்கள். இன்னொரு பக்கம் பால்வினை நோய் வந்த சிப்பாய்கள். மருந்து ரெண்டாவது கூட்டத்துக்குப் போனது. காரணம், அவர்கள் சில நாளில் குணமாகித் துப்பாக்கி தூக்கலாம்.

ராணுவக் கணக்கில் இது சரியான ஆப்டிமைசேஷன். ஆனா காயத்தோட படுத்திருந்தவன் இடத்தில் இருந்து பாருங்க. ஸார்ட் கீ ஒருநாளும் நடுநிலையானது இல்லை. அதைத் தேர்ந்தெடுப்பவர் யார், அவருக்கு எது முக்கியம் என்பது அதற்குள் ஒளிந்திருக்கிறது.

நம்ம ஆபீஸ் கதையும் ஒண்ணு சொல்றேன். ஒரு தடவை ஒரு பெரிய கஸ்டமர் கோபத்தில் மெயில் போட்டார் என்பதற்காக, டாஷ்போர்டில் ஒரு பட்டனின் நிறத்தை ராத்திரி முழுக்க உட்கார்ந்து மாற்றினோம். அதே வாரம், தேதிகளைத் தப்பாகச் சேமித்துக்கொண்டிருந்த ஒரு பக், யாரும் கத்தாததால் பி-த்ரீயில் மூன்று வாரம் கிடந்தது. அதைச் சரிசெய்ய அப்புறம் ரெண்டு மாசம் ஆச்சு. எங்க ஸார்ட் கீ, சத்தம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் நான் கேட்டதும் அதைத்தான்.

வாசலில் ஒரு நாற்காலி

ட்ரையாஜ் போர்க்களத்தை விட்டு ஊருக்குள் வந்தது 1960-களில். அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கூட்டம் பெருகியது. காய்ச்சல், இருமல் என்று எல்லாரும் அங்கேதான் வந்தார்கள். யேல்-நியூ ஹேவன் மருத்துவமனை போன்ற இடங்களில், வருபவர்களை முதலிலேயே பார்த்துப் பிரிக்கும் முறை ஆரம்பித்தது. காலப்போக்கில் அந்த நாற்காலியில் அனுபவமுள்ள நர்ஸ் உட்கார்ந்தார்.

1980-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவின் இப்ஸ்விச் நகரத்தில் ஜெரி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மருத்துவர் ஐந்து படிநிலை கொண்ட ஒரு அளவுகோலை உருவாக்கினார். அதன் அழகு, அது கேட்கும் கேள்வியில் இருக்கிறது. இவருக்கு என்ன நோய் என்று அது கேட்கவில்லை. இவர் எவ்வளவு நேரத்துக்குள் பார்க்கப்பட வேண்டும் என்று கேட்டது. இன்றைய ஆஸ்திரேலிய அளவுகோலில் முதல் வகைக்கு உடனே, அடுத்தடுத்த வகைகளுக்கு 10, 30, 60, 120 நிமிஷங்கள். பி-ஜீரோவிலிருந்து பி-ஃபோர் வரைக்கும் எஸ்.எல்.ஏ. அப்படியே நம்ம ஆபீஸ் டேபிள்தான்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் குழு 1994-ல் சேர்ந்து, 1997-ல் தன் முறையைப் புத்தகமாக வெளியிட்டது. நோயாளி சொல்லும் முதல் புகாரை எடுத்துக்கொண்டு, ஃப்ளோசார்ட்டில் மேலிருந்து கீழே கேள்வி கேட்டுக்கொண்டே வர வேண்டும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஐந்து நிறம். தமிழ்நாட்டில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கான டி.ஏ.இ.ஐ. திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பகுதிகள் பிரித்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. எல்லாம் ஒரே குடும்பம்.

சரி, ஃப்ளோசார்ட் இருக்கு, நிறம் இருக்கு. அப்போ இதை ஒரு ஆப் செய்யலாமே, நர்ஸ் எதுக்கு? எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. 1983-ல் கலிஃபோர்னியாவில் உருவான 'ஸ்டார்ட்' என்ற விதி, பெரிய விபத்துகளுக்கானது. அதில் முதல் படி என்ன தெரியுமா? நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் பச்சை, ஓரமாகப் போங்க. நூறு பேர் கிடக்கிற விபத்துக் களத்தில் அது அருமையான விதி. அதையே எடுத்துவந்து ஆஸ்பத்திரி வாசலில் வச்சா, ஹெல்மெட்டோட நடந்து வந்தவருக்குப் பச்சை ஒட்டி உட்கார வைத்திருப்போம்.

ராத்திரி ரெண்டு மணி, ஆறு கட்டில்

என் பெரியம்மா பொண்ணு நர்ஸ். ஆஸ்பத்திரிச் சண்டையை அவளிடம் சொன்னதும் முதலில் நல்லா திட்டினாள். அப்புறம், "டேய், வாசல்ல ஒரு தடவை பிரிச்சா முடிஞ்சுதுன்னு நினைக்கிறியா? வார்டுல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரிக்கணும்" என்று ஒரு கணக்கு கொடுத்தாள். உங்களுக்கும் தர்றேன்.

ராத்திரி ரெண்டு மணி. உங்க பொறுப்பில் ஆறு பேர். ஒருத்தருக்கு டிரிப்ஸ் பம்ப் அலறுது. அறுவை முடிஞ்ச பையன் வலி தாங்கலேன்னு ஊசி கேக்கறான். வயசான அம்மா பாத்ரூம் போகணும்னு கட்டிலை விட்டு இறங்கப் பாக்கறாங்க. ஒரு நோயாளியோட மச்சான் ஏசி குளிருதுன்னு கவுன்டர்ல வந்து சண்டை போடறார். சாயங்காலம் வரை தெளிவாப் பேசிட்டிருந்த தாத்தா ஒருத்தர், இப்போ போர்வையைப் பிடுங்கிக்கிட்டு உங்களைத் தன் மனைவி பேர் சொல்லிக் கூப்பிடறார். ஆறாவது ஆள் தூங்கறார். யாருகிட்ட முதல்ல போவீங்க? பாஸ் பண்ணி யோசிச்சுட்டு வாங்க.

நான் வலியில் கத்தும் பையன் என்றேன். அக்கா சிரித்தாள். "தாத்தாடா. திடீர்னு குழம்பறார்னா மூளைக்கு ஆக்சிஜன் போகலையோ, சுகர் இறங்கிடுச்சோ, உடம்புக்குள்ள தொற்று பரவுதோ தெரியாது. அவர்தான் சத்தமே போடலை. போற வழியில ஆயாம்மாவைக் கூப்பிட்டு அந்தம்மா கையைப் பிடிச்சுக்கச் சொல்லிட்டுப் போவேன், இல்லேன்னா விழுந்துடுவாங்க. பையனுக்கு ஊசி அடுத்தது. பம்ப் சத்தத்தைப் போற போக்குல நிறுத்தலாம். மச்சானுக்கு வாய்ல பதில் சொன்னா போதும்."

இதில் வரிசை மட்டும் இல்லை. எதை இன்னொருவர் கையில் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பதும் இருக்கு.

இந்த 'சத்தம் போடாத தாத்தா'வைப் பற்றி மருத்துவ உலகம் தாமதமாகத்தான் கணக்குப் போட்டது. 1990-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு, மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றுபோன 64 பேரின் பதிவுகளைத் திரும்பிப் பார்த்தது. அதில் 84 சதவீதம் பேருக்கு, அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள் நிலைமை மோசமாவதற்கான அறிகுறி எழுதப்பட்டிருந்தது. லாக் ஃபைலில் எரர் இருந்திருக்கு. அலர்ட் போகலை.

1997-ல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் பேஜட் மருத்துவமனையிலிருந்து ஒரு எளிய மதிப்பெண் முறை வந்தது. அந்த வழியில், 2012-ல் பிரிட்டன் முழுவதற்குமான 'நியூஸ்' வந்தது. மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடி, வெப்பம், நினைவு நிலை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுத்தால் அதற்கும் தனி மதிப்பெண். மொத்தம் 7 வந்தால் அவசரக் குழு வரவேண்டும். 2017-ல் அதைத் திருத்தியபோது, புதிதாக வந்த மனக்குழப்பத்துக்கு முழுசாக 3 மதிப்பெண் கொடுத்தார்கள். அக்காவோட தாத்தா!

இதற்கு முன்பே, 1990-ல் சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் கென் ஹில்மனும் அவர் சகாக்களும் அவசரக் குழு ஒன்றை அமைத்தார்கள். எந்த எண் எவ்வளவு போனால் அந்தக் குழுவைக் கூப்பிடலாம் என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் எண்ணே இல்லாத ஒரு வரியும் இருந்தது. இந்த நோயாளியைப் பற்றி உங்களுக்குப் பெரிய கவலையாக இருந்தால், கூப்பிடுங்கள். காரணம் நிரூபிக்கத் தேவையில்லை. எல்லா எண்ணும் சரியாக இருக்கிறபோதும், ஒரு நர்ஸின் மனசு சரியில்லை என்று சொன்னால் அது தகவல்தான் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

உள்ளுணர்வுக்கு ஒரு விளக்கம்

அந்த 'மனசு சரியில்லை' எங்கிருந்து வருகிறது? 1984-ல் பட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸிங் பேராசிரியர் இதற்கு ஒரு பதில் எழுதினார். நர்ஸ்களிடம் அவர்கள் மறக்க முடியாத சம்பவங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டுத் தொகுத்தார். புதியவர் விதிகளைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறார். அனுபவம் ஏற ஏற, தனித்தனி எண்கள் மறைந்து மொத்த நிலைமை ஒரே பார்வையில் தெரிய ஆரம்பிக்கிறது. புதியவரிலிருந்து வல்லுநர் வரை ஐந்து நிலைகள்.

இந்த ஐந்து நிலைகளை அவர் எடுத்தது, ஹியூபர்ட் டிரைஃபஸ், ஸ்டூவர்ட் டிரைஃபஸ் என்ற சகோதரர்களிடமிருந்து. 1980-ல் அமெரிக்க விமானப்படைக்காக அவர்கள் செய்த வேலை அது. இந்த ஹியூபர்ட் யார்? கம்ப்யூட்டர்களால் செய்ய முடியாதது என்ன என்று 1972-லேயே புத்தகம் எழுதி, செயற்கை நுண்ணறிவுக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட தத்துவப் பேராசிரியர்! பிற்பாடு இதே ஐந்து நிலைகளை நம்ம சாஃப்ட்வேர் ஆட்களும் ட்ரெய்னிங் ஸ்லைடில் போட்டுக்கொண்டார்கள். 'ட்ரையாஜ்' மாதிரியே, அதிலும் நர்ஸ்கள் நமக்கு முந்தியவர்கள்.

இப்போ ஒரு சமீபத்திய செய்தி. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழக நர்ஸிங் ஆய்வாளர்கள் 'கன்சர்ன்' என்று ஒரு மென்பொருள் செய்தார்கள். அது முக்கியமாகக் கவனிப்பது நோயாளியின் எண்களை அல்ல, நர்ஸின் பதிவுகளை. கவலைப்படுகிற நர்ஸ் அடிக்கடி போய்ப் பார்ப்பார். நாலு மணிக்கு எடுக்க வேண்டிய பி.பி.யை ரெண்டரைக்கே எடுப்பார். கூடுதலாக ஒரு வரி குறிப்பு எழுதுவார். அந்த மாற்றத்தை மென்பொருள் பிடித்து மொத்தக் குழுவுக்கும் எச்சரிக்கை அனுப்புகிறது. 60,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவு 2025-ல் வெளியானது. அது இருந்த வார்டுகளில் இறப்பு அபாயம் சுமார் 35 சதவீதம் குறைந்திருந்தது. அந்த மாடல் நோயை மோப்பம் பிடிக்கவில்லை. ஏற்கெனவே மோப்பம் பிடித்துவிட்ட ஒரு மனிதரைத்தான் அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. போய்ப் பார்க்கவே நேரம் இல்லாத நர்ஸிடமிருந்து எந்தச் சிக்னலும் வராது. 2002-ல் லிண்டா ஏய்க்கன் குழு பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவைக்குப் பின் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அக்காவின் கணக்கில் ஆறு கட்டில். "அது நல்ல நாள்டா" என்றாள் அவள்.

கடைசியா அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வர்றேன். அந்த நர்ஸ் எங்களை உட்கார வைத்துவிட்டு மறந்துவிட்டார் என்றுதான் நான் கத்தினேன். இப்போ ரீவைண்ட் பண்ணிப் பார்க்கிறேன். தலையில் அடியா என்று கேட்டது, உள்ளே ரத்தக்கசிவு இருக்குமோ என்பதற்காக. விரலை அசைக்கச் சொன்னது நரம்புக்கு. நகத்தை அழுத்தியது, வெளுத்த நிறம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது, கைக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க. வளையலைக் கழற்றியது, வீக்கம் ஏறினால் அதுவே கையை இறுக்கிவிடும் என்பதால். எல்லாம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. அம்மாவை அவர் பார்த்து முடித்திருந்தார். அதன்பிறகுதான் காத்திருக்கச் சொன்னார்.

ஹெல்மெட்காரரிடம் என்ன பார்த்தீங்க என்று அன்று கிளம்பும்போது அவரிடமே கேட்டேன். "ஏசிக்குக் கீழ நிக்கறார், நெத்தி முழுக்க வேர்த்திருக்கு தம்பி" என்றார். சாரி சிஸ்டர் என்றேன். "பரவால்ல, அம்மா கையை மேல தூக்கியே வச்சிருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே, அடுத்து வாசலில் வந்து நின்றவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மா கை இப்போ நல்லா இருக்கு, வளையல் திரும்பப் போட்டாச்சு. உங்க வீட்டில், உங்க நண்பர்களில் நர்ஸ் யாராவது இருந்தால் இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. நான் சொன்னதில் எங்கே தப்புன்னு அவங்க சொல்லட்டும், அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன். அதுவரை, பத்திரமா இருங்க மக்களே.